ஆணியை மூடிய கை

இன்று ஆயுத பூஜை. மிக்ஸிக்கும் அரிவாள்மணைக்கும் பொட்டு வைத்துவிட்டு உன் கேமராவைக் கையில் எடுத்தேன். நீ போன பிறகு உன் அம்மா, "நீயே வெச்சுக்கம்மா, எங்க வூட்ல யாருக்கும் இதை ஆன் பண்ணக்கூடத் தெரியாது" என்று கொடுத்தது. கழுத்துப் பட்டையில் இன்னும் உன் தேங்காய் எண்ணெய் வாசம். வேறு நாளாக இருந்தால் அழுதிருப்பேன். இன்று பயம்தான் வருகிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

கீழ்க்கட்டளையில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துப் பிழைத்த உனக்கு ஞாயிற்றுக்கிழமையானால் வேறு வேலை. வெளியே தெரியாமல் திணறிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்ற வீடுகளைப் படம் எடுக்கக் கிளம்பிவிடுவாய். ஸ்கூட்டியில் பின்னால் கேமரா ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான். "ஏழைங்களை எல்லாரும் எடுக்கறாங்க. நம்மளை யாருடீ எடுக்கறாங்க? நாமதான் கதவைச் சாத்திக்கறோமே" என்பாய்.

உன் முறையே தனி. இங்கே நில், அங்கே நில் என்று யாரிடமும் சொல்ல மாட்டாய். அவர்களே தலை வாரி, நல்ல புடவை கட்டி, தோன்றிய இடத்தில் நின்றுகொள்வார்கள். ஒரு படம் எடுப்பாய். பிறகு, "கொஞ்சம் நகருங்க" என்பாய். பள்ளிக்கரணையில் ஓர் அக்கா சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நகர்ந்தபோது உள்ளே ஃப்ரிட்ஜ் இருந்த இடம் காலியாக இருந்தது. "வித்துட்டோம்மா, பக்கத்து வூட்ல சொல்லிடாத" என்றவர், அப்புறம் அவரே சிரித்துவிட்டார். இரண்டாவது படத்தில் அவர் முகம் எவ்வளவு இளகியிருந்தது! வரும் வழியில், "மறைக்க நினைக்கற இடத்துக்கு முன்னாடிதான்டீ எல்லாரும் போய் நிப்பாங்க" என்றாய். நானும் ரசித்துத் தலையாட்டினேன். அடுத்த வீட்டுக் கதைதானே.

சித்திரையில் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கும் வந்தாய். சோபாவின் கிழிசல் மேல் துண்டை விரித்து நான் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்காரவில்லை. வாசற்கதவை ஒட்டிய சுவரில் ஒரு கையை ஊன்றி, சினிமா ஹீரோ மாதிரி நின்றார். எடுத்தாய். "அண்ணா, கொஞ்சம் நகருங்க" என்றாய். "ஒண்ணு போதும்மா" என்று சிரித்தார். நீ வற்புறுத்தவில்லை. பிரிண்ட்டைக் கொடுக்கும்போது மட்டும், "நல்லாப் பாருடீ" என்றாய். நான் என் கன்னம் உப்பியிருப்பதைத்தான் பார்த்தேன். ஆடி முடிவதற்குள் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

இன்று காலை அவர் திருமுடிவாக்கத்தில் வேலை பார்க்கும் கம்பெனியின் பூஜைக்குக் கிளம்பினார். "ஐடி கார்டைக் குடுங்க, பொட்டு வெச்சுத் தரேன்" என்றேன். வருடாவருடம் வைப்பதுதான். "அது கம்பெனியில இருக்கு" என்று குனிந்து செருப்பை மாட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் போனதும் நீ எடுத்த படத்தைக் கொண்டுவந்து கதவோரம் நின்று பார்த்தேன். அங்கே ஓர் ஆணி இருக்கிறது. லீவு நாளில் கார்டு அதில்தான் தொங்கும். கொஞ்ச நாளாகப் பையிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னார், நானும் விட்டுவிட்டேன். படத்தில் அவர் உள்ளங்கை சரியாக அந்த ஆணியின் மேல் இருக்கிறது. கைக்குக் கீழே நீல நாடா தொங்க வேண்டும். வெறும் சுவர்தான் இருக்கிறது.

அப்படியென்றால் வேலை இல்லாமல் சித்திரையிலிருந்து டிபன் பாக்ஸோடு தினமும் எங்கே போகிறார்? வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது எங்கிருந்து வருகிறது? கேட்டால் உடைந்துவிடுவாரோ, கேட்காமல் விட்டால் ஏதாவது செய்துகொண்டுவிடுவாரோ என்று இரண்டு பக்கமும் பயம்.

மத்தியானம் வந்தார். கம்பெனிப் பொரி எப்போதும் ஸ்வீட் பாக்ஸோடு துணிப்பையில் வரும். கையில் எங்கள் தெருமுனைக் கடையின் கேரி பேக். "இந்த வருஷம் சிம்பிளா முடிச்சிட்டாங்க" என்றார். சரி என்றேன். அப்போதுதான் கவனித்தேன், அந்த ஆணியை முதுகால் மறைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டதென்பது அவருக்குத் தெரியக் கூடாதென்று கால் தானாகப் போய் நின்றிருக்கிறது.

"கொஞ்சம் நகருடீ." லென்ஸுக்குப் பின்னாலிருந்து வரும் அதே குரல். நீ விட்டுப்போனதில் கேமராவைவிட அதுதான் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

நகர்ந்தேன். அவர் ஆணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பொரிப் பையைக் கீழே வைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்னும் பயம் போகவில்லை. ஆனால் இரண்டாவது படத்துக்கு இரண்டு பேரும் தயாராகத்தான் இருக்கிறோம். எடுக்கத்தான் நீ இல்லை.