நின்று பாடும் வேடம்

1964 மார்ச் 3
காப்பிப்பொடி வாங்கப் போன இடத்தில் ஒரு நோட்டீஸ். மதுரையிலிருந்து வந்திருக்கும் இசை நாடகக் கம்பெனிக்கு, அரசி வேடத்துக்குப் பாடத் தெரிந்த பெண் தேவை. ஏற்கெனவே நடித்தவள் உடம்பு முடியாமல் ஊர் திரும்பிவிட்டாளாம். ஞாயிறு தாராவியில் தேர்வு.
எனக்கு நாற்பத்து மூன்று. பதினைந்து வருடப் பாட்டு. கொலுவைத் தவிர எங்கே பாடினேன்?

மார்ச் 5
கணவரிடம் சொல்லிவிட்டேன். பேப்பரை இறக்காமலே, "ராணின்னா போ. எவளுக்காவது விசிறி வீசச் சொன்னா வேண்டாம். ஆபீஸ்ல நான் முகங்காட்டணும்லா" என்றார்.

மார்ச் 7
தொண்டை கட்டியிருக்கிறதோ? இல்லை. பயம்.

மார்ச் 8, ஞாயிறு
தோல் கிடங்கு ஒன்றில் தேர்வு. செருப்பைக் கழற்றிவிட்டு, தலைப்பைப் போர்த்திக்கொண்டு, தரையில் சம்மணமிட்டுச் சுருதிக்குக் காத்திருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.
"எந்திரிங்கம்மா!" என்றார் ஆர்மோனியக்காரர் வெயிலுமுத்து. "மகன் உசுரக் கேட்டு வந்த ராணி, ராசா முன்னால சம்மணம் போட்டா பாடுவா? பந்தின்னு நெனச்சிட்டியளோ?"
எழுந்தேன். பாடும்போது கை தானாகத் தொடையில் தாளம் தட்டியது. மறுபடி சிரிப்பு.

அடுத்து ஆறுமுகத்தாய். அங்கேயே தோல் வேலை செய்பவள். சிறுவயதில் நாடகத்தில் இருந்தாளாம். விரலெல்லாம் சாயம். "மன்னா" — அந்த ஒரு சொல்லைத்தான் எடுத்தாள். வெளியே கைவண்டிச் சத்தம் நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேடம் போயிற்று என்று வருந்தக்கூடத் தோன்றவில்லை. மனிதக் குரலா இது!

மானேஜர் என்னிடம், "உங்க உச்சரிப்பு சுத்தம். ராணிக்கு விசிறி வீசுற தோழி வேஷம் இருக்கு. ஒரே பாட்டு" என்றார்.
அதே விசிறி! ஆனால் இரண்டு முழத் தூரத்தில் நின்று அந்தக் குரலைக் கேட்கலாமே. தலையாட்டிவிட்டேன். வீட்டில் என்ன சொல்வேன் — ஐயோ.

மார்ச் 11
ஒத்திகை. ஆறுமுகத்தாய் என் தோளை அழுத்தினாள். "காலை நல்லா ஊனுங்கக்கா. கடைசி பெஞ்சுல ஒங்க வீட்டுக்காரரு தூங்குதாருன்னு வச்சுக்கிடுங்க. அவர எழுப்பணும்."

மார்ச் 12
இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 14
சமையலறையில் காலை ஊன்றிப் பாடினேன். திரும்பினால் நிலைப்படியில் அவர், தோளில் துண்டோடு. சொல்லிவிட்டேன் — ராணி இல்லை, விசிறி. யார் ராணி என்றும் சொன்னேன்.
"ஒன்னைவிட நல்லாவா பாடுதா?"
"கேட்டுப் பாருங்க."
காப்பியைக் குடித்தார். செருப்பை மாட்டும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னார்:
"கடைசி வரிசையில ஒரு இடம் சொல்லி வை."