சங்கிலிக்கு மூடி

ஓகஸ்ட் 14, புதன்

மனைவியின் சுட்டுவிரலில் தையல் போட்டு, கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலிருந்து மாலையில்தான் கூட்டிவந்தேன். பிளாஸ்டிக் போத்தல்களைத் துண்டாக்க நான் செய்த சைக்கிள் மிதி இயந்திரத்தில் விரல் அகப்பட்டது. தவறி விழுந்த போத்தலை எடுக்கச் சங்கிலிப் பக்கம் கை நீட்டினாள். நான் மிதிப்பதை உடனே நிறுத்தினேன். பாரமான சில்லு சுற்றிக்கொண்டே இருந்தது.

சங்கிலிக்கு மூடி போட நான் தகரம் வெட்டியும் வைத்திருந்தேன். போன கிழமை அவளுடைய தம்பி வந்து, “அத்தான், இதுக்கொரு மூடி போடுங்கோ, கை போயிடும்” என்றான். எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலையில் இருப்பவன். இனிப் போட்டால் அவன் சொல்லிப் போட்டதாகிவிடும் என்று தகரத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

இரவு வந்தவன், “மூடி எங்கை?” என்றான்.

நான் வாய் திறக்குமுன், “நான்தான் தம்பி, கழுவக் கழட்டினனான்” என்றாள் அவள்.

“உங்களுக்கென்ன விசரே அக்கா? அத்தான் ஒழுங்காச் செய்து தந்ததையும் கழட்டுவீங்களோ?”

அவள் பேச்சு வாங்க, நான் கதிரையில் பேசாமல் இருந்தேன். அவன் முன்னால் தலைகுனியாமல் தப்பினேன் என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

அவன் போன பிறகும் அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நித்திரை வந்திருக்கும்.