கீழே இருக்கு, அண்ணே

கிள்ளான்,
9 மார்ச் 2025

அன்புத் தங்கை புனிதாவுக்கு,

எழுத்தைப் பார்த்துவிட்டு ஏதோ பாலர் பள்ளிப் பிள்ளை விலாசம் மாறி அனுப்பிவிட்டது என்று நினைக்காதே. உன் அண்ணன்தான். கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் தினம் ஒரு பக்கம் பேனா பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறாள். யாருக்கு எழுத என்று கேட்டேன். "யாருக்காச்சும் எழுதுங்க லா அங்கிள், பாசாருக்குப் போற லிஸ்ட்டா இருந்தாலும் பரவால்ல" என்றாள். காய்கறிப் பட்டியலைவிட நீ ஒரு படி மேல் என்று முடிவு செய்தேன்.

ஆள்காட்டி விரலின் மேல்கணு போனது போனதுதான். நடுவிரல் இருக்கிறது, ஆனால் மடங்கமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. சட்டைப் பொத்தானை இடது கையால் போடப் பழகிவிட்டேன். சோறு பிசைவதுதான் வரவில்லை. உன் அண்ணி வசுந்தரா கரண்டியை நீட்டுகிறாள், நான் முறைக்கிறேன், பிறகு வாங்கிக்கொள்கிறேன்.

நீ ஏன் வீட்டுப் பக்கமே வருவதில்லை? ஆஸ்பத்திரியில் கிடந்தவரை தினமும் வந்தாய். வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு தடவை, அதுவும் பத்து நிமிடம். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலை நிறுத்திவிட்டார்களா? வசுந்தரா ஏதாவது சொன்னாளா? விரத நாளில் பொம்மை விமானம் விடப் போனீர்கள் என்று அவள் திட்டுவது என்னைத்தான், உன்னை அல்ல.

அவள் திட்டுவதிலும் நியாயம் இருக்கிறது. உன் மார்பில் இருந்த கட்டியை எடுத்து, அது கெட்ட கட்டி இல்லை என்று வந்தால் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவன் நான். நல்லபடியாகவே வந்தது. முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான். நான் என்ன செய்தேன்? தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, காப்புக் கட்டிய கையோடு, புது எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கிறேன் என்று உன்னையும் இழுத்துக்கொண்டு நம் பொம்மை விமானக் கிளப்பின் செமினித் திடலுக்குப் போய், விரலைப் புரொப்பெல்லருக்குக் கொடுத்தேன். பூசத்தன்று பத்துமலையை ஆஸ்பத்திரி டிவியில் பார்த்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

விமானம் உன் வீட்டில்தானே இருக்கிறது? எஞ்சினில் மிச்சமிருந்த எரிபொருளைக் கொட்டிவிட்டு நாலு சொட்டு எண்ணெய் விட்டாயா? விடாவிட்டால் உள்ளே துருப் பிடித்துவிடும்.

பதில் எழுது. போன் வேண்டாம், பேச்சு உடனே முடிந்துவிடுகிறது.

உன் அண்ணன்,
விஜயன்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
14 மார்ச் 2025

என் அன்பு அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்ணாடிக் கடைக்கே எடுத்துப் போய் மதிய இடைவேளையில் மூன்று தடவை படித்தேன். எழுத்து ஒன்றும் மோசமில்லை. உங்கள் நல்ல கையின் எழுத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

அண்ணி எதுவும் சொல்லவில்லை. கடையில் இரண்டு பேர் விடுப்பு, சனி ஞாயிறும் நான்தான் நிற்கிறேன். அதனால்தான் வர முடியவில்லை. நம்புங்கள்.

சாமியைப் பற்றி இப்படியெல்லாம் எழுதாதீர்கள் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை விமானம் விட்டதற்காக விரலை எடுக்கிற சாமியா அது? நீங்கள் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்ததில்லை. உங்களுக்குத் தண்டனை என்று நினைத்து மனத்தைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். படிக்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுவிட்டேன். கவலை வேண்டாம்.

கரண்டியோடு சமாதானமாகப் போங்கள்.

அன்புத் தங்கை,
புனிதா


கிள்ளான்,
30 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை வசுந்தராவும் படித்தாள். நீ சாமிக்கு வக்கீல் வேலை பார்க்கிறாய் என்றாள்.

வசுந்தராவிடம் நீ சொன்னபடி காப்பு நூல் எப்படி மாட்டியது என்று யோசித்து யோசித்து இப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது. கையில், கழுத்தில் எதுவும் தொங்கக்கூடாது என்பது திடலின் விதி. நீ காப்பைக் கழற்றச் சொன்னாய். விரதம் முடியாமல் கழற்றக் கூடாது என்று நான் மறுத்தேன். அதன்பிறகுதான் நூல் முனை தெரியாதபடி நீ வெள்ளை டேப்பைச் சுற்றி ஒட்டினாய். எரிபொருள் முக்கால்வாசி மெத்தனால். அது பட்டால் எந்த டேப்பின் பசையும் விட்டுப்போகும். எத்தனை வருடமாக அந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்திருக்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை பார். டேப் கழன்றிருக்கும், நூல் வெளியே வந்திருக்கும், புரொப்பெல்லர் அதைப் பிடித்துக் கையை உள்ளே இழுத்திருக்கும். எனக்கு நினைவிருப்பது எஞ்சின் பிடித்ததும் வந்த பெரிய சத்தம் மட்டும்தான்.

அவனுக்காகக் கட்டிய நூலாலேயே அவன் என்னை இழுத்திருக்கிறான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்தக் காப்பு என்ன ஆயிற்று? அவசரப் பிரிவில் ஒரு தாதி கத்தரியால் வெட்டியது லேசாக நினைவிருக்கிறது. உன் கையில் கொடுத்தார்களா? கிடைத்தால் கோயிலில் சேர்த்துவிடுவேன்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அடுத்த வருடம் வெறும் காவடி போதாது. கன்னத்தில், நாக்கில், முதுகில் அலகு குத்திக்கொண்டு எடுப்பேன். டாக்டர் சர்க்கரையைக் காட்டிப் பயமுறுத்துகிறார், விரலே இன்னும் ஆறவில்லை, முதுகு எப்படி ஆறும் என்கிறார். ஆறாவிட்டால் போகட்டும். வேண்டுதல் பாதியில் நிற்கிறது புனிதா. உனக்கு மறுபடி கட்டி வந்தால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்? ஜூலையில் உனக்குப் பரிசோதனை இருக்கிறது.

உன் அண்ணன்,
விஜயன்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அலகு வேண்டாம். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், வேண்டாம். சர்க்கரை உள்ள உடம்பு, டாக்டர் சும்மா சொல்வாரா? எனக்காக என்று சொல்லாதீர்கள். எனக்காக நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

எனக்கு ஒன்றும் வராது. நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாக இருக்கிறேன்.

காப்பை ஆஸ்பத்திரியில் எறிந்திருப்பார்கள். என்னிடம் யாரும் தரவில்லை.

வேறு எதைப் பற்றியாவது எழுதுங்கள் அண்ணே. அண்ணி வைக்கும் மீன் குழம்பைப் பற்றி எழுதுங்கள். மழையைப் பற்றி எழுதுங்கள்.

புனிதா


கிள்ளான்,
4 மே 2025

அன்புத் தங்கைக்கு,

மீன் குழம்பு எங்கே? வீடு முழுக்க இப்போதே விரதம். அண்ணி பூஜை அறையில் எனக்காக மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறாள். மழை பெய்கிறது. போதுமா?

ஒரு வேலை இருக்கிறது. கிளப் செயலாளர் சபாபதி அண்ணன் நேற்று வந்தார். புதிதாகச் சேருகிறவர்களுக்காகத் திடல் கொட்டகையில் ஓர் அறிவிப்புப் பலகை வைக்கப் போகிறாராம். "அடிபட்டவன் கையால எழுதினாத்தான் படிப்பானுங்க, நீயே எழுதிக் கொடு விஜயன்" என்றார். எழுதியிருக்கிறேன். நீதான் பக்கத்தில் இருந்தாய், படித்துப் பார்த்துச் சரி என்று ஒரு வார்த்தை எழுது. உன் பதில் வந்த பிறகுதான் கொடுப்பேன்.

"இந்தத் திடலில் நடந்த விபத்து. விமானத்தை ஒருவர் பின்னால் இருந்து பிடித்திருந்தார். ரிமோட்டும் அவர் பக்கத்திலேயே தரையில் இருந்தது. எஞ்சினின் வேகத்தைக் கூட்டும் த்ரோட்டில் குச்சி கீழே இருந்தது, அவர் அதை உறுதி செய்தார். எஞ்சினைக் கிளப்ப நான் விரலால் அல்ல, கட்டையால்தான் புரொப்பெல்லரைத் தட்டினேன். எல்லாம் முறைப்படியே நடந்தது. என் மணிக்கட்டில் இருந்த காப்பு நூல் மட்டுமே விபத்துக்குக் காரணம். ஆகவே காப்புக் கட்டியவர்கள் எவரும் எஞ்சின் அருகில் வரக்கூடாது."

நீ உறுதி செய்ததை வேண்டுமென்றேதான் எழுதினேன். அன்று உன்மேல் தப்பு இருக்குமோ என்று திடலில் ஓரிருவர் முணுமுணுத்ததாகச் சபாபதி அண்ணன் சொன்னார். என் தங்கையைப் பற்றி எவனும் பேசக்கூடாது.

உன் அண்ணன்,
விஜயன்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
11 மே 2025

அண்ணே,

அந்த அறிவிப்பைக் கொடுக்காதீர்கள். அது பொய். நீங்கள் எழுதிய பொய் அல்ல, நான் சொன்ன பொய்.

இந்த உறையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை இருக்கிறது. அது உங்கள் காப்பு. தாதி வெட்டி என் கையில்தான் கொடுத்தாள். அன்றிலிருந்து என் கைப்பையில் இருக்கிறது. டேப்பைப் பாருங்கள். எங்கும் கழலவில்லை. ஒரு நூல்கூட வெளியே வரவில்லை. உங்கள் கையைக் காப்பு இழுக்கவில்லை அண்ணே. முருகனும் இழுக்கவில்லை.

நான்தான்.

முதலில் எரிபொருளை உள்ளே இழுப்பதற்காக த்ரோட்டிலை முழுதாக மேலே தள்ளச் சொன்னீர்கள். தள்ளினேன். பிறகு அதைக் கீழே இறக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பிளக்கைச் சூடாக்கும் கிளிப்பை மாட்ட வேண்டும். எனக்கு அது தெரியும், நூறு தடவை செய்திருக்கிறேன். அந்த நேரத்தில் போன் அடித்தது. தைப்பூசத்துக்கு உங்கள் காவடிக்குப் பக்கத்தில் நடக்க மஞ்சள் சேலை சொல்லியிருந்தேன், கடைக்காரப் பெண் படம் அனுப்பியிருந்தாள். நீங்கள் கிளிப்பை மாட்டிக்கொண்டே, "கீழே இருக்கா மா?" என்று கேட்டீர்கள். நான் ரிமோட்டைப் பார்க்கவில்லை. சேலையைப் பார்த்துக்கொண்டே, "கீழே இருக்கு, அண்ணே" என்றேன்.

விமானத்தின் வாலை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஒரு கையில் போன் இருந்தது. எஞ்சின் பிடித்ததும் முழு வேகத்தில் ஓடியது, ஒரு கையில் நிற்கவில்லை, உங்கள் மேல் பாய்ந்தது. நீங்கள் கட்டையால் தட்டியும் பயன் இல்லை. அந்தப் பெரிய சத்தம் அதுதான்.

நீங்கள் மயங்கிக் கிடந்தபோது சபாபதி அண்ணன் ஓடி வந்து, "நூல் மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆஸ்பத்திரியில் அண்ணி கேட்டார்கள், அதையே சொன்னேன். நீங்கள் கண் விழித்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு அடிபடலையே?" அதற்குப் பிறகு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

எஞ்சினுக்கும் எண்ணெய் விடவில்லை. விமானத்தை அறை மூலையில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். உங்கள் கடைசிக் கடிதம் வந்த அன்று துணியை எடுத்துப் புரொப்பெல்லரைச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. உள்ளே இறுகிவிட்டது.

உங்கள் வேண்டுதலில் ஒரு குறையும் இல்லை. யாரும் உங்களைத் தண்டிக்கவில்லை. தயவுசெய்து அலகு குத்திக்கொள்ளாதீர்கள். என்னைத் திட்டுங்கள். வந்து அறைந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள் அண்ணே.

உங்கள்
புனிதா


கிள்ளான்,
8 ஜூன் 2025

புனிதாவுக்கு,

காப்பு வந்து சேர்ந்தது. டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். முடிச்சு அப்படியே இருந்தது, கத்தரி வெட்டிய இடம் நேராக இருந்தது. அதைக் கோயிலில் சேர்த்துவிட்டேன்.

வசுந்தராவிடம் சொன்னேன். அவள் பூஜை அறைக்குப் போய் அந்த மஞ்சள் துணியை அவிழ்த்துக் காசை உண்டியலுக்கென்று எடுத்து வைத்தாள்.

விரலுக்காக எனக்குக் கோபம் இல்லை. கண் யாருக்கும் தவறும். நானும் உன் வார்த்தையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் தட்டினேன், அது என் தப்பு. ஆனால் அதன்பிறகு மூன்று மாதம். நான் உனக்கு மூன்று கடிதம் எழுதினேன். முருகன் என்னை ஏன் அடித்தான் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பதிலை நீ கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கிறாய். மழையைப் பற்றி எழுதச் சொன்னாய்.

உன் கடிதம் வந்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு வாரமாக வேறு வேறு விதமாக எழுதிக் கிழித்தேன். கைக்கு நல்ல பயிற்சி என்று அந்தப் பெண் பாராட்டினாள்.

அறிவிப்பை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். காப்பைப் பற்றி அதில் இருப்பது, கழற்ற முடியாதவர்கள் எஞ்சினைத் தொட வேண்டாம் என்று ஒரு வரிதான். உன் பெயர் இல்லை. முதல் வரி இது: "த்ரோட்டில் கீழே இருக்கிறதா என்பதை, புரொப்பெல்லரைத் தொடுகிறவர் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். பிடித்திருப்பவர் சொன்னார் என்பது போதாது, அவர் யாராக இருந்தாலும்." சபாபதி அண்ணன் படித்துவிட்டு வாங்கிக்கொண்டார். விமானத்தை அவர் வந்து எடுத்துக்கொள்வார். நீ எதையும் துடைக்க வேண்டாம்.

அலகு குத்தமாட்டேன். சாதாரணக் காவடி எடுப்பேன். அது உனக்காக வேண்டியது, வேண்டியது வேண்டியதுதான். ஆனால் நீ கூட நடந்து வர வேண்டாம்.

ஜூலை பதினைந்தாம் தேதி உனக்குப் பரிசோதனை. தவறவிடாதே. முடிவை வசுந்தராவின் போனுக்கு அனுப்பு. அவள் எனக்குச் சொல்வாள்.

விஜயன்