கவனிக்க ஆள் இல்லாத வீடு

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் பேத்தியும் உடம்பு சுகமாக இருக்க வேண்டும். இங்கே மூன்று பேரும் இருக்கிறோம், நலம் என்று எழுத மட்டும் இந்த வாரம் பேனா நகரவில்லை. விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. வருகிற மாதம் பத்தாம் தேதி வண்டி வந்து எல்லைக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போகிறார்கள், நான்கு மாதம் வைத்திருந்து நடக்கவும் விழுங்கவும் பேசவும் பழக்கி அனுப்புவார்களாம். அந்த இடம் கிடைப்பதற்காக உன் அக்கா, சரிபார்க்க வந்த அதிகாரியிடம், தான் இந்த வீட்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள் என்று சொன்னாள். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். இல்லை, இவள் என் மகள் என்று என் வாயிலிருந்து வரவில்லை. போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கிட்டு ஐந்து நாட்டுக் கதையை ஆரம்பிப்பாய், அதனால்தான் கடையை அரை நாள் மூடிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படி.

ஐந்து நாடும் சேர்ந்து நடத்துகிற உன் கூட்டு அலுவலகத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரு நாட்டில் ஆஸ்பத்திரி கட்டி வைத்திருக்கிறார்கள் ஆள் இல்லை, இன்னொன்றில் நர்ஸ்கள் இருக்கிறார்கள் கட்டில் இல்லை, ஒன்றில் மருந்து மலிவு, வயசானவர்கள் மட்டும் ஐந்திலும் பெருகிக்கொண்டே போகிறார்கள், ஆகவே இருப்பதைப் பகிர்ந்துகொள்வோம் என்று நீ முதல் தடவை சொன்னபோதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. கிழிந்த சாக்கைத் தைத்து விற்று, அதிலிருந்து கயிறு, தார்ப்பாய் என்று ஒரு கடையை நிறுத்தினவள் நான், கூட்டு என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நீ பத்தாவது படிக்கும்போது நாங்கள் ஐந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு குடோன் எடுத்தோமே, நினைவிருக்கிறதா. வாடகை, பூட்டு, மின்சாரம் எல்லாவற்றையும் ஐந்தாகப் பிரித்தோம். அங்கேயே படுத்துக் காவல் காத்த எண்ணெய்க்கடைக்காரர் மச்சானை மட்டும் யாரும் பிரிவினையில் சேர்க்கவில்லை, சொந்தக்காரன்தானே, எங்கே போகப் போகிறான் என்று விட்டுவிட்டோம். அவன் ஒரு மழைக்காலத்தில் சொல்லாமல் போனான். கூரைத் தகடு ஒன்று விலகியதைப் பார்க்க ஆளில்லாமல் ஐந்து கடைச் சரக்கும் நனைந்து நாறியது. உங்கள் விதியைப் படித்தபோது எனக்கு அந்த நாற்றம்தான் அடித்தது. நாட்டுக்கு நாற்பது இடம், வீட்டில் சொந்தத்தில் கவனிக்க ஆள் இல்லாதவர்களுக்கே முதலில். சம்பள ஆள் இருந்தால் கணக்கில்லை, அவள் எந்நேரமும் போய்விடலாமாம். மகள் இருந்தால் வரிசையில் கடைசி, ஏனென்றால் மகள் போகமாட்டாள். எதிர் வரிசைத் தையல்காரர் மனைவிக்கு மூன்று மகள்கள், அவள் எண் எண்ணூற்றுச் சொச்சத்தில் கிடக்கிறது. பெரிய மேஜையைச் சுற்றி ஐந்து நாட்டுக்காரர்களும் உட்கார்ந்து எழுதினீர்களே, அதில் ஒருவனுக்குக்கூட வீட்டில் அக்கா தங்கை இல்லையா.

சரி, உன்னை மட்டும் சொல்லி என்ன. விண்ணப்பத்தை நீதான் நிரப்பினாய், கவனிக்க ஆள் இல்லை என்று நீதான் போட்டாய், ஆனால் அதற்கு முந்தின வாரம், எதைப் போட்டால் கிடைக்குமோ அதைப் போடு என்று போனில் சொன்னது நான்தான். தபாலிலேயே முடிந்துவிடும், யாரும் வரமாட்டார்கள் என்றாய். அவளிடம் நீயும் சொல்லவில்லை நானும் சொல்லவில்லை. நீ சொல்லியிருப்பாய் என்று நான் இருந்தேன் என்று எழுதலாம், அது பொய். சொன்னால் முகம் சுருங்கும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள், நாற்பது வயதிருக்கும், தோளில் பையும் கையில் உன் விண்ணப்பமுமாக. நல்ல மனுஷிதான், செருப்பை வெளியே விட்டுவிட்டு, கை கழுவ இடம் கேட்டுக் கழுவிவிட்டுத்தான் அப்பாவைத் தொட்டார்கள். அக்கா அப்போதுதான் அப்பாவைத் துடைத்து முடித்து ஈரக் கையோடு வந்து நின்றாள். அந்த அம்மா காகிதத்தைப் பார்த்து சத்தமாகவே படித்தார்கள், மனைவி முழுநேரமும் கடையில், ஒரே மகன் வெளிநாட்டில், வீட்டில் கவனிக்க வேறு யாரும் இல்லை என்று. படித்துவிட்டு நிமிர்ந்து, "அப்ப நீங்க யாரு?" என்று கேட்டார்கள். ஒரே மகன் என்று படித்தபோதே இவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். எடைக்கல் சோதிக்க அதிகாரி கடைக்குள் வரும்போது நான் எப்படிச் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சம்பளத்துக்கு வர்றேன்" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு நாலு வருஷம் என்றாள். எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்டதற்கு என்னைப் பார்க்காமலே, "அவங்க இஷ்டப்பட்டுக் குடுக்கறதுதான்" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை, கடையில் சாக்கு விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

அப்பாவின் நிலை உனக்குத் தெரியும். பக்கவாதம் இரண்டாவது தடவை வந்ததில் பேச்சு போய் சரி என்கிற ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், எந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு மட்டும்தான் பிரித்துச் சொல்லத் தெரியும். அந்த அம்மா அப்பா பக்கம் குனிந்து, இவங்க சம்பளத்துக்குத்தானே வர்றாங்க ஐயா என்று கேட்டார்கள். சரி என்றார். இன்னொரு முறையும் சரி என்றார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் அவரைப் புரட்டி முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் பார்த்தார்கள். எழுபத்தெட்டு கிலோ உடம்பு, லாரி ஓட்டின உடம்பு, நான்கு வருஷமாகப் படுக்கை, ஒரு புண் இல்லை. எத்தனையோ வீடு பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு முதுகைப் பார்த்ததில்லை என்றார்கள். என்னிடம் திரும்பி, இவங்களை விட்டுடாதீங்க என்றார்கள். பையிலிருந்து இன்னொரு தாள் எடுத்து அக்காவிடமே கொடுத்தார்கள். ஐந்து நாட்டிலும் செல்லுபடியாகிற பராமரிப்பாளர் பதிவாம், மூன்று மாதப் பயிற்சி, சான்றிதழ், தங்குமிடம், மாதச் சம்பளம், வாரம் ஒரு நாள் விடுப்பு. இவளை மாதிரி ஆளுக்குத்தான் எங்கேயும் தட்டுப்பாடு என்றார்கள். இந்த வீட்டில் நான்கு வருஷமாக யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தையைப் புதிதாக வந்த ஒருத்தர் அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் அக்கா அழுவாள், சண்டை போடுவாள் என்று நினைத்தேன், பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. அப்பாவுக்குச் சட்டை மாட்டிவிட்டாள். நான்தான் பொறுக்காமல், பார்த்தாயா, அவரே சரி என்றுதானே சொன்னார் என்று கேட்டுத் தொலைத்தேன். பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அது வேண்டாம்ங்கற சரி" என்றாள். மறுநாள் காலை நான் கிளம்பும்போது வாசலில் நின்று, "முதலாளியம்மா, சாவி எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். விளையாட்டு என்று சிரித்தேன். சாயங்காலம் வந்தபோதும் முதலாளியம்மாதான். ஏழு நாளாகிறது, இதுவரை அம்மா என்று கூப்பிடவில்லை, நீ போய் நீங்க ஆகிவிட்டது. அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, எனக்குத் தட்டில் சாப்பாடு போட்டு மூடி வைக்கிறாள், நான் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுகிறாள். அந்தத் தாளை ஒளித்தும் வைக்கவில்லை, அப்பா கட்டிலுக்கு எதிரே கடிகாரத்தின் அடியில் செருகி வைத்திருக்கிறாள். இரண்டு பக்கமும் நிரப்பியாகிவிட்டது, கையெழுத்து மட்டும் பாக்கி.

சின்னவனே, அவள் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் பதினோரு வருஷம் இருந்தவள். அப்பா முதல் தடவை விழுந்தபோது இரண்டு மாதம் லீவு என்று வந்தாள். ஆள் வைக்கலாம் என்று அன்றைக்கே அவள் கேட்டாள், நான்தான், மகள் நீ இருக்கும்போது ஊரான் எதற்கு என்றேன். கடையில் யார் விசாரித்தாலும், மகள்தானே, பார்த்துக்கொள்கிறாள் என்று பெருமையாகச் சொல்வேன். நீ மாதாமாதம் மருந்துக்கு அனுப்பினாய், மறுக்கவில்லை, ஆனால் நான்கு வருஷத்தில் மூன்று தடவை வந்தாய், மூன்று தடவையும் அவள் உனக்கும் சேர்த்துச் சமைத்தாள். நாம் இரண்டு பேரும் கொடுக்கல் வாங்கலில் கெட்டிக்காரர்கள், சும்மா கிடைத்ததற்கு மட்டும் விலை விசாரிக்கவே இல்லை.

நேற்று நானே அவளை உட்கார வைத்துப் பேசினேன். போகிறாயா என்றேன். "நீங்க என்ன தர்றீங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். எதிராளி கையில் இன்னொரு கிராக்கி இருக்கும்போது பேரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. பழைய பில் ஒன்றின் பின்பக்கம் எழுதியே வைத்திருந்தாள். மகளே என்று ஆரம்பித்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். ஆள் அனுப்பும் ஏஜென்சியில் விசாரித்திருக்கிறாள், முழுநாளுக்கு இருபத்தெட்டாயிரம் கேட்கிறார்கள், அவள் இருபத்துநாலு போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் இருபத்திரண்டு வைத்துக்கொள்ளலாமே என்று என் வாய் சொல்லிவிட்டது. சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "பழக்க தோஷம். இருபத்திரண்டே இருக்கட்டும்" என்று தன் கையாலேயே அடித்துத் திருத்தினாள். அந்த இரண்டாயிரத்தை நான் திரும்ப ஏற்றப் பார்த்தேன், பேசி முடித்த விலையை மாற்றுவது உங்க கடையில வழக்கமில்லையே என்றுவிட்டாள். என் வியாபாரத்தில் இவ்வளவு நஷ்டப்பட்டு ஒரு விலையை நான் குறைத்ததில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், இடுப்பு வலிக்கு நாற்காலியை மாற்று, கூட்டம் கூட்டம் என்று நேரம் தவறிச் சாப்பிடாதே. மருமகளிடம் இதை மறைக்காதே, நாளைக்கு அவள் வீட்டிலும் பெரியவர்கள் படுப்பார்கள். பேத்தி நன்றாகப் படித்து நீண்ட ஆயுசோடு இருக்கட்டும், உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதம். அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, மன்னிப்பு கின்னிப்பு என்று இழுக்காதே, அவள் கேட்கவில்லை. மறந்துவிடாமல் இருக்க, பேசி முடித்ததைக் கீழே எழுதியிருக்கிறேன், நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், நீயும் போட்டு அனுப்பு.

அப்பா திரும்பி வரும் நாளிலிருந்து மாதம் இருபத்திரண்டாயிரம், பாதி என்னுடையது பாதி உன்னுடையது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுப்பு, அன்றைக்குக் கடை கிடையாது, நான் பார்க்க வேண்டும். அப்பா அங்கே இருக்கும் நான்கு மாதமும் அவள் பழைய அலுவலகத்துக்குப் போவாள், யாரும் கூப்பிடக் கூடாது. வருஷத்தில் முப்பது நாள் நீ வந்து உன் கையால் அவரைப் புரட்டித் துடைக்க வேண்டும், பணம் அனுப்பினால் செல்லாது. மகள்தானே என்ற சொல் இந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. இதெல்லாம் ஒரு வருஷத்துக்கு மட்டும், அதுவரை அந்தத் தாள் கடிகாரத்தின் அடியிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா