உங்கள் படத்தடியில் கிடந்தவன்

இன்று காலை வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கினேன். மீன்காரம்மா கேட்காமலேயே நாலு தலையைத் தனிப் பையில் போட்டு, "நாய்க்கு" என்று நீட்டினாள். நாய் செத்து ஒரு மாதமாகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கி வந்துவிட்டேன். வீடு முழுக்க அந்த வாடைதான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர் நீங்கள். நம் நாய் நுவாரிடமும் பிரெஞ்சில்தான் பேசுவீர்கள். "தமிழ்ல சொன்னா உன்ன மாதிரி எதிர்த்துப் பேசுவான்" என்பீர்கள். நான் கூப்பிட்டால் பாதி நேரம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். அதனால் நீங்கள் போன பிறகு அவன் கூப்பிட்டும் வராததும், எழுந்திருக்காததும் எனக்குப் புதிதாகப் படவில்லை.

உங்கள் காரியம் முடிந்த நாலாம் நாள் சோற்றை மோந்துவிட்டு விலகினான். கூடத்தில் உங்கள் படத்துக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டான். தெருவே வந்து பார்த்தது. "மனுசங்களுக்கே இவ்ளோ ஏக்கம் இருக்காதுக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்குப் பெருமையாக இருந்தது. நானோ அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. எனக்கும் சேர்த்து அவன் துக்கப்படுகிறான் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து, மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் ஆட்டோவில் தூக்கிப் போனேன். டாக்டர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்திருந்தது.

"உண்ணிக் காய்ச்சல்மா. உடம்புல ரத்தமே இல்ல. வெளிய ஒண்ணும் தெரியாது, சோறு எறங்காது, அவ்ளோதான். முன்னாடியே கொண்டாந்திருந்தா காப்பாத்திருக்கலாம்."

படத்தடியில் படுத்திருந்ததைச் சொன்னேன்.

"அங்க தரை சில்லுனு இருந்திருக்கும்" என்றார்.

மறுநாள் மத்தியானம் போய்விட்டான். பிறகு அந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.

பிரான்சில் இருக்கும் உங்கள் தங்கை ஞாயிறுதோறும் பேசுகிறாள். "அண்ணனுக்காக உயிரையே விட்டுச்சே அண்ணி" என்று ஒவ்வொரு தடவையும் அழுகிறாள். அங்கே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாளாம். உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை. சொன்னால், உங்களுக்காக இந்த வீட்டில் யாருமே பட்டினி கிடக்கவில்லை என்றாகிவிடும். நான் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன், நோயில் கிடந்தவனைப் பார்த்துக்கொண்டே. "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கிறேன்.