றஃபி கேட்ட துஆ

1964 ஜூன் 13, சனி

இன்றும் அந்தக் குரல் வந்தது.

விடிந்ததும் பக்கத்து வீட்டுக் கைரியா மாமியிடம் மிளகுக் காம்பு ஆயப் போனேன். மாமியின் புருஷன் ஹுஸைன் மாமா லொறி ஓட்டுகிறவர். அவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த றேடியோ ஜன்னலோரம் இருக்கிறது. எங்கள் வீட்டில் றேடியோ இல்லை. அலவத்துகொடைப் பள்ளிவாசலில் ஐந்து வேளையும் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற மனிதர் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டால் ஊர் என்ன சொல்லும் என்பார் வாப்பா. நான் மிளகு ஆயத்தான் போகிறேன் என்று அவர் நம்புகிறார். மிளகும் ஆய்கிறேன்தான்.

முதலில் ஒருவர் விளங்காத பாஷையில் வேகமாகப் பேசுவார். கடைசியில் பேர் மட்டும் விளங்கும். முஹம்மத் றஃபி. பிறகு பாட்டு. அவர் சத்தம் போடுவதே இல்லை. பக்கத்தில் இருக்கும் யாருக்கோ சொல்வதுபோலத் தொடங்குகிறார். வெல்லப் பாகுபோன்ற கித்துள் பாணியை உயரத்திலிருந்து ஊற்றினால் நூல் அறாமல் இறங்குமே, வரி முடிகிற இடத்தில் குரல் அப்படி மெலிந்து மெலிந்து போகிறது, அறுவதில்லை. இதற்கு மேலே போக இடமில்லை என்று நான் நினைக்கும்போது இன்னும் ஒரு படி மேலே நிற்கிறார். எப்போது ஏறினார் என்று தெரியாது.

என் கை நின்றுவிட்டது. "மிளகு ஆயுறியா, மிளகோட கதைக்கிறியா?" என்று மாமி கேட்டார்.

கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். குப்பிலாம்பை நன்றாகத் தணித்திருக்கிறேன். றம்ஸியா தாத்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அவள் என் கூடப் பிறந்தவள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். கண்டாலும் சொல்லமாட்டாள். வாப்பா கண்டால்?

ஜூன் 14

நாள் முழுக்கக் காதுக்குள் அதே குரல். குர்ஆன் ஓதும்போதும். அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தேன். செய்து முடித்ததும் மறுபடி வந்தது.

ஜூன் 22

ஸ்கூலில் சித்தி றலியா டீச்சர் ஒரு கடிதத்தை வாசித்தார். நபி பிறந்த மீலாதை முன்னிட்டு ஜூலை 25 கண்டியில் கீதப் போட்டி. ஒரு ஸ்கூலுக்கு ஒரு பிள்ளை. சொல்லும் புதிதாக இருக்க வேண்டும், சினிமா மெட்டும் கூடாது. போன வருஷம் ஒரு ஸ்கூல் பிள்ளைகள் நபியின் புகழைத் தமிழ்ப் படப் பாட்டின் மெட்டில் பாட, பின்னால் இருந்தவர்கள் விசிலடித்தார்களாம். இந்த முறை சினிமா மெட்டு என்று தெரிந்தால் அந்த ஸ்கூலை விலக்கிவிடுவார்கள்.

வாசித்துவிட்டு டீச்சர் என்னைப் பார்த்தார். "ஸுலைஹா, நீதான்."

வாப்பா விடுவாரா? தாத்தாவைப் பதின்மூன்று வயதில் ஸ்கூலால் நிறுத்தியவர். எனக்குப் பதினான்கு. என்னை ஏன் இன்னும் நிறுத்தவில்லை என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடும்.

ஜூன் 27, சனி

அதே பாட்டு. முழுதாக. அல்ஹம்துலில்லாஹ்.

இது என்ன பாட்டு மாமி என்று கேட்டேன். மாமி சுளகைக் கீழே வைத்து யோசித்தார்.

"உருது. நம்மட ஆக்கள்ட பாஷை. பேரப் பாரேன், முஹம்மத். இப்பிடி அழுது கேக்கிற மனிசன் அல்லாஹ்வ விட்டுட்டு வேற ஆர்ட்டக் கேக்கப் போறார்? துஆதான்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. எல்லாம் இழந்த ஒருவர் வாசலில் நிற்கிறார். யார்மீதும் கோபமில்லை. நடுவில் ஓரிடத்தில் பாடிக்கொண்டே இலேசாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அழுகை வந்தது. கேட்கும் முன்பே மன்னித்துவிடுவான் என்று தெரிந்தவர்தான் அப்படிச் சிரிக்க முடியும். எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு ஈமான் இருந்தால் அந்தக் குரல் வரும்!

வீட்டுக்கு வந்து அம்மியில் நின்றபோது சொற்கள் தாமாக வந்து அந்த மெட்டில் உட்கார்ந்தன. தாயும் தகப்பனும் இல்லாமல் மக்காவில் வளர்ந்த பிள்ளையை, எங்கள் நபியைப் பற்றி எட்டு வரி. சினிமா மெட்டு கூடாது என்றார்கள். இது துஆவின் மெட்டு.

ஜூலை 4

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பாவிடம் உம்மாதான் விஷயத்தைச் சொன்னார். பாடிக் காட்டு என்றார். கதவைப் பிடித்துக்கொண்டு பாடினேன். முடிந்தபோது வாப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக் கண்ணைத் துடைத்தார். வாப்பா அழுது நான் கண்டதில்லை.

"எங்க புடிச்ச இந்த ராகத்த?"

டீச்சர் சொல்லித் தந்தார் என்று சொல்லிவிட்டேன். ஏன் பொய் சொன்னேன்? துஆ என்றால் பயப்பட என்ன இருக்கிறது? மாமி வீட்டு றேடியோ இருக்கிறதே.

"சரி, போ. நானும் வாறன். நபிட பேருக்காகத்தான். இதுக்குப் பொறகு பாப்பம்."

அந்தக் கடைசிச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. தாத்தாவுக்கும் "பாப்பம்" என்றுதான் சொன்னார். அடுத்த கிழமை அவளுடைய வெள்ளைக் கவுனை உம்மா தலையணை உறையாகத் தைத்துவிட்டார்.

ஜூலை 11

தாத்தா வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு ஓடிவந்தாள். வாப்பா கிணற்றடியில் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்துகொண்டே என் பாட்டை முணுமுணுக்கிறாராம். எட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஓரிடத்தில் தவறவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்.

றஃபி அவர்களே, நீங்கள் எங்கேயோ இருக்கிறீர்கள். உங்கள் குரல் எங்கள் கிணற்றடிவரை வந்துவிட்டது.

ஜூலை 19, ஞாயிறு

யா அல்லாஹ். நான் என்ன செஞ்சுட்டன்.

ஹுஸைன் மாமா கண்டியில் லொறியை நிறுத்திவிட்டுப் படம் பார்த்தாராம். காலையில் றேடியோவில் அந்தப் பாட்டு வந்ததும், "அட, இந்தப் பாட்டுத்தான்" என்று எழும்பினார். தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளாடிக் காட்டினார். தூணில் சாய்ந்தார். வழுக்கி வழுக்கித் தரையில் உட்கார்ந்தார்.

"பொண்டாட்டி உட்டுட்டுப் போயிட்டா. ஆள் போத்தலும் கையுமா றோட்டுல உழுந்து கெடந்து பாடுறான். என்னா நடிப்பு!"

மாமி என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன்.

"துஆ எண்டீங்களே மாமி."

"நான் படமா பாத்தீக்கிறன்?" என்றார் மாமி.

அந்தச் சிரிப்பு — குடிகாரனின் சிரிப்பு. அதை வைத்தா நான் நபியைப் புகழ்ந்தேன்? வாப்பா வுழூச் செய்யும்போது பாடுவது சாராயப் பாட்டையா? டீச்சரிடம் சொன்னால் இன்னும் ஆறு நாளில் வேறு பிள்ளையைத் தயார் செய்ய முடியாது. வாப்பாவிடம் சொன்னால் நாளையோடு ஸ்கூல் முடிந்தது. சொல்லாவிட்டால்? எழுத்து எனக்கே விளங்கல்ல.

ஜூலை 20

எங்கள் குசினி அடுப்படிவரை மாமியின் றேடியோவில் அந்தப் பாட்டு கேட்டது. காதைப் பொத்தினேன். பிறகு விரலை விலக்கினேன். பொய்யாக ஒரு மனிதன் இப்படி அழ முடியுமா?

ஜூலை 25, சனி

எல்லாம் எழுத வேண்டும். ஒன்றையும் விடக்கூடாது.

வாப்பா வெள்ளைச் சட்டைக்கு அத்தர் பூசிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம், மகள் பாடப் போகிறாள், நபி கீதம் என்று இரண்டு தரம் சொன்னார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரும்வரை நான் சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்றே இருந்தேன். பாலம் தாண்டிவிட்டது.

நடுவர்கள் மூன்று பேர். இரண்டு மௌலவிமார். மூன்றாவது கொழும்பு வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஆதம் சேட், பம்பாய்ப் பக்கத்து மனிதர். அவருக்கு அந்தப் பாஷை தெரியும்.

பாடினேன். முதல் வரியில் சேட்டின் விரல் மேசையில் தாளம் போட்டது. இரண்டாவது வரியில் விரல் நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். எனக்கு மண்டபம் தெரியவில்லை. சொல் மறந்துவிடும்போல இருந்தது. அப்போது எனக்குள்ளே றஃபி பாடினார். நான் அவர் பின்னால் போனேன், அவ்வளவுதான். எனக்குப் பதிலாக யாரோ பயப்படாமல் நின்றதுபோல. மூன்றாவது வரி கொஞ்சம் சறுக்கியது. மற்றதெல்லாம் வந்தது.

இரண்டாம் பரிசு. ஒரு பவுண்டன் பேனா. சேட்தான் கொடுத்தார். கொடுக்கும்போது குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"பேட்டி, மகளே, இது யார் பாட்டு, தெரியும்?"

"முஹம்மத் றஃபி." என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சினிமாவில குடிகாரன் பாட்டு. அதும் தெரியும்?"

தலையாட்டினேன். போன ஞாயிறுதான் தெரியும் என்று சொல்ல நினைத்தேன், வரவில்லை. அவர் கோபப்படவில்லை.

"பாடின ஆள் ஒரு சொட்டு தொட மாட்டார். பம்பாயில எல்லாம் சொல்றது. தொழுற ஆள். குடிக்காத ஆள் எப்படிப் பாடுறான் பார்." சற்று நின்றார். "மத்த ரெண்டு பேருக்கும் தெரியாது, நானும் சொல்லல. ஆனா உனக்கு முதல் பரிசு குடுக்க எனக்குப் பயம். அல்லா கேப்பான். போய் வாப்பாட்ட நீயே சொல்லு."

ஒரு சொட்டும் தொடாதவர். அப்படியென்றால் அந்தத் தள்ளாட்டம், அந்தச் சிரிப்பு, எல்லாம் எங்கிருந்து எடுத்தார்? றோட்டில் விழுந்து கிடக்கிற ஒருவனை, நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஒருவனை, அவர் திரும்பிப் பார்த்திருக்கிறார். பார்த்து, அவனுக்காகக் கேட்டிருக்கிறார். மாமி சொன்னது அவ்வளவு பிழையில்லையோ?

திரும்பி வரும் பஸ்ஸில், அக்குறணை தாண்டியதும் வாப்பாவிடம் சொன்னேன். றேடியோ, மாமி, படம், பொய், எல்லாம். பஸ் இரைச்சலில் சில சொற்களை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. வாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது ஒன்று மட்டும் கேட்டார்.

"நான் வுழூச் செய்யக்குள்ள பாடினதும் இதுதானா?"

"ஓ, வாப்பா."

படுத்த பிறகு தாத்தா கேட்டாள், மேடையில லைட் எரிஞ்சதா, ஆக்கள் எவ்வளவு, கைதட்டினாங்களா என்று. எல்லாம் சொன்னேன். கடைசியில், "நான் எண்டா இப்பிடி ஒருக்காப் பாட ரெண்டு தரம் ஸ்கூலால நிப்பேன்" என்றாள்.

ஜூலை 26

வாப்பா டீச்சர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டார். சினிமா மெட்டுக்கு அந்தப் பரிசு ஹலால் இல்லையாம், நாளைக்கே கண்டிக்குப் போய்ச் சேட்டிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறார்.

"நாளைக்கி ஸ்கூலுக்குப் போகாத."



ஜூலை 27

பகல் லுஹர் தொழுகைக்கு முன் வந்துவிடுவேன் என்று போனவர் பின்னேரம் அஸருக்குத்தான் வந்தார். லுஹர் பாங்கை வேறு யாரோ சொன்னார்கள். எனக்கு நினைவு தெரிந்து அப்படி நடந்ததில்லை. என்ன நடந்தது என்று உம்மா கேட்டதற்கு, "சேட் தேத்தண்ணி தந்தார்" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 28

இன்றும் போகவில்லை. டீச்சர் ஆள் அனுப்பிக் கேட்டார். சுகமில்லை என்று உம்மா சொல்லிவிட்டார். றேடியோச் சத்தம் கேட்கவில்லை. மாமி அதைத் துணியால் மூடி வைத்திருக்கிறாராம்.

றஃபியை மறக்க வேண்டும் என்று துஆச் செய்ய உட்கார்ந்தேன். வேறு எல்லாம் கேட்டேன், அதைக் கேட்கவில்லை.

ஜூலை 31, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வாப்பா சாப்பிட்டுக் கை கழுவினார். கூப்பிட்டார். போய் நின்றேன். ஸ்கூல் முடிந்தது என்று இன்றைக்குத்தான் சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. கதவுக்குப் பின்னால் தாத்தா நிற்பதும் தெரிந்தது.

"அந்த மூணாவது வரியப் படி."

விளங்கவில்லை. மறுபடியும் சொன்னார். பாடினேன். பாதியில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இங்க மூச்செடுக்கிறாய். அதான் சொல்லு ரெண்டாப் போகுது. அந்தாள் அதுல எடுக்கல்ல. அங்கால போய், நீளமா இழுத்து முடிச்சுட்டுத்தான் எடுக்கிறார். நானும் முப்பது வருஷமாப் பாங்கு செல்லுறன், எனக்கு அப்பிடி வராது. சேட்ட அந்த இசைத்தட்ட மூணு தரம் போடச் செல்லிக் கேட்டன்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு விளங்கியது போலும். எழும்பி, கதிரையில் கிடந்த சால்வையை உதறித் தோளில் போட்டார். உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"மெட்ட நீயாப் போடு," என்றார், என்னைப் பார்க்காமல். "மூச்ச மட்டும் அவர்ட்டக் கத்துக்கொள்ளு. அடுத்த வருஷம் அந்த எடத்துல சறுக்கக்கூடாது."

அந்தப் போட்டி ஸ்கூல் பிள்ளைகளுக்கு மட்டும்தான். அடுத்த வருஷம் எனக்குப் பதினைந்து வயது.