கவுண்டர்ல நிக்க ஒரு ஆள்

அண்ணா, நான் நாலு பேர் முன்னாடி நிக்க லாயக்கில்லைன்னு நீ எப்போ முடிவு பண்ணின?

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோ.

இன்னைக்கு மத்தியானம் பேக்கரியில மாவு மூட்டைக்குப் பின்னாடிதான் நான் இருந்தேன். என்னைக் கவுண்டர்ல போடலாமான்னு முதலாளி உன்கிட்ட கேட்டார். "அவனா? ஆளைப் பாத்தாலே வேர்த்துக் கொட்டும். என்கூட அடுப்படியிலயே கிடக்கட்டும்"னு சொல்லிச் சிரிச்ச.

தினமும் சாயங்காலம் கஸ்டமர் மாதிரி எதிர்ல நின்னு, "ஏம்பா, இது நேத்து சுட்ட ரொட்டிதானே?"ன்னு வம்பு பண்ணி, என்னை தைரியமா பேசப் பழக்கினதும் நீதானே. இவ்வளவு தூரம் வந்து எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்.

இனிமே எனக்காக நீ பேச வேண்டாம். என் வாயால நானே கேட்டுக்கறேன். ராத்திரி மாவு பிசையுற மாமா ரூம்ல படுத்துக்கறேன்.

இருமல் மருந்து ஜன்னல்கிட்ட இருக்கு. மறக்காம குடி.

இதை மறுநாள் காலைல, துணி எடுக்க வந்த இடத்துல எழுதறேன். நீ கிளம்பிட்ட. வர்ற வழியில முதலாளியைப் பாத்து நேராவே கேட்டேன். அந்தக் கவுண்டர் இடத்தை நேத்தே நீ உனக்குன்னு கேட்டு வாங்கிட்டியாம்.